தட்டிலிருந்து காணாமல் போன மாடு: பார்த்தின் ஜப்பானும் உவேஹராவின் உலகமும்

அயல்நாட்டுச் சாப்பாட்டைத் தேடித்தேடிச் சாப்பிடுவது இன்று நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் கலாச்சார மூலதனங்களில் ஒன்றாகிவிட்டது. தாய்லாந்து, மெக்ஸிகோ, கொரியா, ஜப்பான் என்று வாரத்துக்கு ஒரு நாடு. இதைக் கேலி செய்வது சுலபம். நம் தோழர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நுகர்வுக் கலாச்சாரம், பூர்ஷ்வா நாக்கு, விஷயம் முடிந்தது. இந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்தவர் சோற்றை ருசித்துப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? அடுத்தவர் பாத்திரத்தைத் தொடமாட்டேன் என்பதன்மேல் எழும்பி நிற்கிற ஒரு சமூகத்தில் அந்த ஆசை சின்ன விஷயமில்லை. ஆனால் அப்படி ருசிக்கிறபோது எது கண்ணில் படுகிறது, எது நழுவிப்போகிறது என்று கேட்டாக வேண்டும். இதற்காக இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து வாசிக்கலாம். முதலாவது ரோலான் பார்த் எழுதி 1970இல் வெளிவந்த ‘குறிகளின் பேரரசு’. மற்றது உவேஹரா யோஷிஹிரோ 2005இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்ட சிறு நூல். ‘ஒடுக்கப்பட்டோரின் சாப்பாட்டு மேசை’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

பார்த் 1966க்கும் 1968க்கும் இடையில் மூன்றுமுறை ஜப்பான் போனார். மொழி தெரியாது. தெரியாததையே ஒரு சுகமாக ஆக்கிக்கொண்டு எழுதிய புத்தகம் இது. அதில் உணவைப் பற்றிய பகுதிகள் அபாரமானவை, மறுக்க முடியாது. மேற்கின் கத்தியும் முள்ளும் குத்துகின்றன, அறுக்கின்றன. ஜப்பானியரின் குச்சிகளோ தொடுகின்றன, பிரிக்கின்றன, தூக்குகின்றன என்கிறார். ஒரு சாப்பாட்டுக்கு நடுநாயகமான பதார்த்தம் என்று ஒன்று கிடையாது, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கை போகிற வழியே சாப்பாட்டின் வழி, ஆகவே இது மையமழிந்த உணவு என்கிறார். மையத்தை உடைக்கிற வேலையில் மூழ்கியிருந்த ஒருவருக்கு டோக்கியோவின் சாப்பாட்டுத் தட்டு எவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்திருக்கும் என்பது புரிகிறது. சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கும் அந்தச் சந்தோஷம் தொற்றிக்கொள்ளும்.

சிக்கல் சுகியாகியில் வருகிறது. சாப்பிடுகிறவர் கண்முன்னாலேயே அடுப்பில் வாணலியை வைத்து, மெல்லிசாகச் சீவிய மாட்டுக்கறியையும் காய்களையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வேகவைத்து எடுத்து எடுத்துச் சாப்பிடுவது சுகியாகி. வேகாத பொருட்கள் தட்டில் அடுக்கி வரும் அழகை பார்த் வர்ணிக்கிறார். ஒரு சந்தையே நம் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி என்கிறார். அப்புறம் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்கிறார். மேற்கில் பச்சை மாமிசம் என்றால் ரத்தம், அதன் வழியே உடம்பில் ஏறுகிற வலு, மரணம். ஜப்பானின் பச்சையோ கண்ணுக்கானது. நிறம், பரப்பு, தொடுகை, அவ்வளவே. சாப்பிடுகிறவர் எதிரிலேயே சமைப்பது, சாகிற பொருளின் மரணத்தைக் காட்சியாக்கிக் கௌரவிப்பது என்றும் ஒரு வரி போகிறது.

எந்த மரணம்? மாடு அந்த வாணலியில் சாகவில்லை. அதற்கு முன்பே, வேறொரு இடத்தில், வேறொருவர் கையால் செத்தது. அந்தக் கையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆசிரியனின் மரணத்தை இவரிடமிருந்து கேட்டுக் கொண்டாடியவர்கள் நாம். மாட்டின் மரணத்தையும் ஒருதடவை விசாரித்துவிடலாம்.

ஜப்பானில் மாட்டுக்கறி பழைய சங்கதி இல்லை. 675இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றைத் தின்னத் தடைபோட்டார். பௌத்தமும் ஷிந்தோவின் தீட்டுக் கருத்தும் சேர்ந்து, நூற்றாண்டுகள் போகப்போக, செத்த மாட்டை அகற்றுவது, தோலை உரிப்பது, பதப்படுத்துவது ஆகிய வேலைகளை ஒரு மக்கள் கூட்டத்தின் தலையில் கட்டின. ‘எதா’ என்று அவர்களுக்குப் பெயர். அழுக்கு நிறைந்தவர்கள் என்று பொருள்படும் எழுத்துகளில் அது எழுதப்பட்டது. (அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டத்தகாதவர்கள்’ நூலில், பௌத்தத்தைவிட்டு அகலாமல் மாட்டுக்கறியையும் விடாதிருந்தவர்களே தீண்டத்தகாதவர்களாக்கப்பட்டனர் என்கிறார். அங்கே பௌத்தத்தின் பெயராலேயே ஒதுக்கியிருக்கிறார்கள். மதம் இடம் மாறுகிறது. தோல் உரித்தவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான்.) 1871இல் மெய்ஜி அரசு அந்தப் பெயரை ஆணைபோட்டு ஒழித்தது. மறு ஆண்டு தொடக்கத்திலேயே பேரரசர் மாட்டுக்கறி சாப்பிட்டார் என்ற செய்தி ஊரறியப் பரப்பப்பட்டது. மேற்கைப் போல உடம்பு வேண்டும், படை வேண்டும், ஆகவே கறி வேண்டும். மாட்டுக்கறிச் சட்டிக்கடைகள் நாகரிகத்தின் சின்னமாயின. கறி தீட்டுக் கழிந்து மேலே வந்துவிட்டது. அறுத்தவர்கள்? அவர்கள் ‘புராக்குமின்’ என்ற புதுப்பெயரில் பழைய இடத்திலேயே நின்றார்கள். 1922இல் சுய்ஹெய்ஷா என்ற தங்கள் சமத்துவ இயக்கத்தை அவர்களே கட்டவேண்டியிருந்தது. பார்த்தின் புத்தகம் வந்து ஐந்தே வருஷத்தில், 1975இல், புராக்குக் குடியிருப்புகளின் பெயர்ப்பட்டியல்களைப் பெரிய கம்பெனிகள் ரகசியமாக விலைக்கு வாங்கி, அந்த ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுக்காமல் தடுத்துவந்தது அம்பலமானது. எழுத்தே இல்லாத வெற்றுக்குறி என்று பார்த் மயங்கிய நாட்டில், ஊர்ப்பெயர் என்ற குறி எவ்வளவு கனமாக இருந்திருக்கிறது பாருங்கள்.

பார்த்தின் சார்பில் ஒரு பதில் தயாராக இருக்கும். நான் எழுதுவது நிஜ ஜப்பான் இல்லை, சில கூறுகளை எடுத்து நானே கட்டிக்கொண்ட ஓர் அமைப்புக்கு ஜப்பான் என்று பெயர் வைக்கிறேன் என்று அவர் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். சரி. ஆனால் இதே மனிதர் 1957இல் ‘தொன்மங்கள்’ நூலில் திராட்சை மதுவைப் பற்றி எழுதும்போது அங்கே நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரரின் மதுக் கொண்டாட்டத்தையெல்லாம் ரசித்து விவரித்துவிட்டு, கடைசியில் அல்ஜீரியாவுக்கு வருகிறார். நிலத்தைப் பறிகொடுத்த முஸ்லிம்கள், ரொட்டிக்கே இல்லாத ஜனங்கள், அவர்கள் மண்ணில் அவர்களுக்கு எந்த உபயோகமும் இல்லாத பயிர். இந்த மதுவை வெறும் இன்பமாக மட்டும் குடிக்க முடியாது என்று அங்கே அவருக்குத் தெரிந்திருந்தது. சொந்த நாட்டு மேசையில் உழைப்பைப் பார்த்த கண், அயல்நாட்டு மேசைக்கு முன்னால் அழகை மட்டும் பார்க்கிறது. என்னுடைய புகார் இதுதான். அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அயல் என்றாலே அது நமக்கான காட்சி என்று ஆக்கிக்கொள்ளும் மனநிலை இது. இன்றைய ‘உலக உணவு’ ரசிகர்களில் பெரும்பாலானோர் பார்த்தைப் படித்ததில்லை. ஆனால் அவர் விட்டுவைத்த அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உவேஹரா ஓசகா பக்கத்துப் புராக்குக் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவர். மாட்டிறைச்சித் தொழில் நடந்த ஊர். அவருடைய புத்தகமும் ஒரு உணவுப் பயணம்தான். ஆனால் அவர் போகிற ஊர்கள் வேறு. அமெரிக்கக் கறுப்பர்களின் கோழிப் பொரியல், பிரேசிலின் ஃபெய்ஜொவாதா, பல்கேரிய ரோமா மக்களின் முள்ளெலிக்கறி, ஈராக், நேபாளத்தில் தோல்வேலை செய்யும் சார்க்கிகளின் மாட்டுக்கறி, கடைசியில் தன் சொந்தச் சனத்தின் அபுராகாசு. மாட்டின் குடலை நறுக்கி, அதன் கொழுப்பிலேயே நிதானமாக வறுத்து, மொறுமொறுவென்று எடுப்பது அபுராகாசு. பேருக்கு அர்த்தம் ‘எண்ணெய்ச் சக்கை’. சூப்பில் போட்டால் ஒரு சட்டிக்கே ருசி ஏறும். நல்ல கறி வெளியே விலைபோகும், குடல் ஊரோடு தங்கும், அதிலிருந்து பிறந்தது. கறியை உப்புப்போட்டு உலர்த்திய சாய்போஷியும் அந்தக் குடியிருப்புகளின் பண்டம்தான். நம் ஊர் உப்புக்கண்டத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

பார்த்தின் எழுத்து அழகில் பத்தில் ஒரு பங்கு உவேஹராவிடம் இல்லை. பத்திரிகைக்காரரின் அவசரமான உரைநடை. இன்னொரு குறையும் உண்டு. எசமான் வீசியெறிந்த மிச்சத்தை அடிமைகள் ருசியாக்கினார்கள் என்ற சூத்திரத்தை எல்லா ஊருக்கும் பொருத்திவிடுகிறார். ஃபெய்ஜொவாதா விஷயத்தில் இது நிற்காது. ஐரோப்பியப் பருப்புக்கறிச் சமையலின் தொடர்ச்சிதான் அது என்று காமரா காஸ்குதோ என்ற பிரேசிலிய ஆய்வாளர் அறுபதுகளிலேயே வாதிட்டிருக்கிறார். அடிமையின் சட்டியில் பிறந்த தேசிய உணவு என்ற கதை அங்கே ஆளும் வர்க்கத்துக்கும் வசதியாக இருக்கிறது: எல்லோரும் ஒரே சட்டி, பேதமில்லை! இதை உவேஹரா சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் சமைத்தவரின் பெயரையும் தெருவையும் கேட்காமல் அவர் வாயில் எதையும் வைப்பதில்லை. அந்த ஒரு பழக்கத்துக்காகவே இந்தப் புத்தகத்தை மற்றதற்கு எதிரில் வைக்கிறேன்.

நம் பக்கம் இது எப்படி இருக்கிறது என்பதற்கு ஆம்பூர் போதும். தோல் பதனிடும் ஊர், மாட்டுக்கறி பிரியாணி தெருவுக்குத் தெரு கிடைக்கும் ஊர். 2022 மே மாதம் அங்கே மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் இடமில்லை என்றது. எதிர்ப்பு கிளம்பியது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போடப்பட்டது. சென்னையில் ஜப்பானிய உணவகத்தில் போய் பச்சைமீனைக் குச்சியால் லாவகமாகத் தூக்குகிறவர் வீட்டு வாசலில் ‘சைவக் குடும்பத்துக்கு மட்டும்’ என்று வாடகைப் பலகை தொங்குவதில் நமக்கு ஆச்சரியம் கிடையாது. தூரத்து மீன் நாறுவதில்லை. கருவாடு நாறுகிறது.

மராத்தியில் ஷாஹு பட்டோலே 2015இல் ‘அன்ன ஹே அபூர்ண பிரம்ம’ என்ற நூலை எழுதினார். அன்னமே பூரண பிரம்மம் என்ற வழக்கை அப்படியே திருப்பிப்போட்ட தலைப்பு. மராத்வாடா மகர், மாங் மக்களின் சமையலை, உலர்த்திய மாட்டுக்கறியான சான்யா உட்பட, செய்முறையோடு பதிவு செய்கிறது. 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. யாராவது தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். வெறும் மொழிபெயர்ப்பாக இல்லாமல், அந்தந்தப் பண்டத்துக்கு நம் சேரிகளில் என்ன பெயர், என்ன பக்குவம் என்று வீடு வீடாகக் கேட்டு அடிக்குறிப்பு எழுதக்கூடியவர் செய்தால் நல்லது.