சப்புன்னு இருக்கு

நண்பர் ஒருவர் தன் சிறுகதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்திருந்தார். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனார், மருமகள் ஊட்டும் கஞ்சியை ஒரு வாய் வாங்கிவிட்டு "சப்புன்னு இருக்கு" என்கிறார். அவள் உப்பு டப்பாவைப் பார்க்கிறாள், எடுக்கவில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். கதையே அந்த இடத்தில்தான் நிற்கிறது.

நான் 'டேஸ்ட்லெஸ்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். படித்த தோழி, "கிழவர் மருமகளைத் திட்றாரா?" என்று கேட்டாள். திட்டுவது போலத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் நாக்கை விட்டு நகர்ந்து பல காலமாகிறது. மட்டமான ஜோக்கையும் கண்ணை உறுத்தும் சோபாவையும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். கஞ்சியின் குறை சமைத்தவள் தலையில் விழுந்துவிட்டது.

நான் பொறியாளன். ஸ்பேனர் செட்டில் அளவு தேடுவதுபோல ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 'இன்சிபிட்' அகராதிப்படி கச்சிதம். லத்தீனில் ருசிப்பதற்கும் அறிவதற்கும் ஒரே வினைச்சொல். 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்பதும் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் எஸ்டேட்டில் பால் வெட்டிய மனுஷன் இதைச் சொல்வாரா? 'பிளாண்ட்' கிட்டத்தட்ட பொருந்தியது. மென்மையானது என்பது அதன் பழைய பொருள். வயிற்று நோயாளிக்கு எழுதித் தரும் பத்தியச் சாப்பாட்டுக்கும் அதுவே பெயர். அங்கேதான் இடித்தது. அது எழுதிக் கொடுப்பவரின் சொல், விழுங்குபவரின் சொல் இல்லை.

மலாயில் இந்தத் தொல்லையே இல்லை. 'தாவார்' என்றால் முடிந்தது. உப்பில்லாத குழம்பும் தாவார், ஆற்றுத் தண்ணீரும் தாவார். ஆனால் நான் எழுத வேண்டியது ஆங்கிலம்.

பிறகு "இதில் உப்பில்லை" என்று நேரடியாக ஆங்கிலத்தில் எழுதினேன். அது இன்னும் மோசம். கிழவர் உப்பு கேட்கவே இல்லையே! 'சப்பு' எது குறைகிறது என்று சொல்லாது. வினோதமான சொல் அது. 'உப்புச்சப்பில்லாத' என்கிறபோது சப்பு இருக்க வேண்டிய ஒன்று. 'சப்புன்னு' என்றால் அதே ஓசை இல்லாமையைச் சொல்கிறது. உப்பை நினைப்பது மருமகள். அந்த வேலையை அவளிடமிருந்து நான் பிடுங்கக்கூடாது.

கடைசியில் 'இட் டேஸ்ட்ஸ் ஆஃப் நத்திங்' என்று மாற்றினேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை, உப்பின் பெயரும் வரவில்லை. கஞ்சியைச் சொல்கிறாரா, படுத்துக்கிடக்கும் நாட்களைச் சொல்கிறாரா என்ற மங்கலும் கொஞ்சம் மிஞ்சியது. திருப்தியோடு அனுப்பினேன்.

நண்பரிடமிருந்து பதில் வந்தது: "நல்லாருக்கு. ஆனா வாய் கோணின ஆளு, இவ்ளோ நீளமா பேச மாட்டாரு."