சாக்லேட்டுக்குக் கொதிக்கும் நீர்: லாரா எஸ்கிவெலின் சமையலறை நாவல்

‘கோமோ அகுவா பாரா சொகொலாத்தே’ என்பது மெக்சிகோ எழுத்தாளர் லாரா எஸ்கிவெல் ஸ்பானிய மொழியில் எழுதி 1989-இல் வெளிவந்த நாவல். ‘லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்’ என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு 1992-இல் வந்தது. கரோல் கிறிஸ்டென்சன், தாமஸ் கிறிஸ்டென்சன் இருவரும் சேர்ந்து மொழிபெயர்த்தனர். எஸ்கிவெல் 1950-இல் மெக்சிகோ நகரில் பிறந்தவர். மழலையர் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து, குழந்தைகளுக்கு நாடகங்கள் எழுதி, அதன்பிறகு நாவலுக்கு வந்தவர். இது அவருடைய முதல் நாவல். நானும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன் என்பதால் இந்தச் செய்தியைப் படித்தபோது ஒரு சின்ன மகிழ்ச்சி.

தலைப்பு ஒரு மெக்சிகோ வழக்கு. அங்கே சாக்லேட்டைப் பாலுக்குப் பதிலாக வெந்நீரில் கரைத்துக் குடிப்பதும் உண்டு. அதற்கு நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கோபத்திலோ ஆசையிலோ உள்ளுக்குள் கொதிக்கும் ஆளை அந்த நீரோடு ஒப்பிடுவார்கள். நம் பக்கம் “மனசு உலையாக் கொதிக்குது” என்போமே, ஏறக்குறைய அதுதான்.

நாவலில் பன்னிரண்டு அத்தியாயங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சமையல் குறிப்பு. தேவையான பொருட்கள், அளவு, செய்முறை என்று தொடங்கி, வெங்காயம் நறுக்கும்போதே கதை உள்ளே புகுந்துவிடும். அத்தியாய முடிவில் ‘தொடரும்’ என்றும், அடுத்த மாதம் என்ன பலகாரம் என்றும் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெக்சிகோவில் பெண்களுக்காக வந்த பத்திரிகைகளில் தொடர்கதை, சமையல், கைவைத்தியம் எல்லாம் கலந்து வரும். அந்த வடிவத்தைத்தான் எஸ்கிவெல் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து, நூல் போட்டுத் தைத்து வைத்துப் படித்த நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வடிவம் அந்நியமாக இராது.

கதை நடப்பது மெக்சிகோவின் வட எல்லையில், பியெத்ராஸ் நெக்ராஸ் ஊருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில். காலம் 1910-இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியின் காலம். பண்ணையின் எசமானி ஒரு விதவை. நாவல் முழுக்க அவள் பெயர் ‘மாமா எலெனா’. (மாணவர்கள் குழம்ப வேண்டாம். ஸ்பானிய மொழியில் ‘மாமா’ என்றால் அம்மா.) அவளுக்கு மூன்று பெண்கள்: ஹெர்த்ரூதிஸ், ரொசாவ்ரா, கடைக்குட்டி தீத்தா. கடைசிப் பெண் திருமணம் செய்துகொள்ளாமல், தாய் சாகும்வரை உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் மரபு. யார் தொடங்கியது, ஏன் தொடங்கியது, அந்தக் கடைசிப் பெண் கிழவியானால் அவளை யார் பார்ப்பார் என்று தீத்தா மனத்துக்குள் கேட்டுப் பார்க்கிறாள். வாய்விட்டுக் கேட்க அனுமதி இல்லை. அவளைக் காதலிக்கும் பெத்ரோ பெண் கேட்டு வருகிறான். தாய் மறுத்து, நடுமகள் ரொசாவ்ராவை வேண்டுமானால் தருகிறேன் என்கிறாள். அவனும் சம்மதிக்கிறான்! தீத்தாவின் பக்கத்தில் இருக்க வேறு வழியில்லை என்பது அவன் சொல்லும் காரணம்.

அக்காளின் கல்யாணக் கேக்கைத் தீத்தாதான் செய்ய வேண்டியிருக்கிறது. மாவில் அவள் கண்ணீர் விழுகிறது. அதைத் தின்ற விருந்தாளிகள் அனைவரும் தங்கள் பழைய காதலை நினைத்து விம்மி, பிறகு கூட்டமாக வாந்தி எடுக்கிறார்கள். தீத்தாவை வளர்த்த சமையற்காரி நாச்சா, தனக்கு மறுக்கப்பட்ட காதலனின் படத்தைக் கையில் பிடித்தபடி அன்றே இறந்து கிடக்கிறாள். இன்னொரு மாதம், பெத்ரோ தந்த ரோஜாக்களைத் தீத்தா மார்போடு அணைக்கிறாள். முள் குத்தி இரத்தம் வருகிறது. அந்த இதழ்களைக் காடைக்கறியில் சேர்க்கிறாள். அதை உண்ட மூத்தவள் ஹெர்த்ரூதிஸின் உடல் தகித்து, குளிக்கப் போன மரத் தடுப்பே பற்றி எரிகிறது. அவள் வெற்றுடம்போடு வயலில் ஓட, ஒரு புரட்சிப்படைத் தலைவன் குதிரையில் வந்து தூக்கிச் செல்கிறான்.

இதைத்தான் மாய யதார்த்தம் என்கிறோம். நடக்க முடியாத ஒன்றை, நடந்ததைச் சொல்லும் அதே குரலில், ஆச்சரியக்குறி இல்லாமல் சொல்வது. கொலம்பியாவின் கார்சியா மார்க்கேஸ் 1967-இல் வெளியிட்ட ‘நூற்றாண்டுத் தனிமை’ இதற்குப் பெரிய முன்னோடி. சேத்தூர்க்காரனுக்கு இந்தச் சொல் புதிது, சங்கதி புதிதில்லை. பக்கத்துத் தேவதானத்தில் சுவாமியின் பெயரே ‘நச்சாடை தவிர்த்தருளியவர்’. நஞ்சு தோய்த்த ஆடை வந்ததையும் இறைவன் காத்ததையும் எங்கள் பெரியவர்கள் மழை பெய்த கதையைச் சொல்லும் குரலிலேயே சொல்வார்கள்.

ரோஜா அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தான் நினைவுக்கு வந்தது. தான் சூடிய மாலையைக் கோதை பெருமாளுக்குக் கொடுத்தாள். விதிப்படி அது பிழை. ஆனால் அவள் உடல் தொட்டதாலேயே அந்த மாலைக்கு மதிப்பு. தீத்தாவின் இரத்தம் பட்ட ரோஜாவும் அப்படித்தான் உணவாகிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். அந்த நேர்த்தியைப் பிற்காலத்தில் இராமானுசர் நிறைவேற்றினார் என்றும், அதனால் ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்தாள் என்றும் வைணவ மரபு சொல்கிறது. கிடைக்காத ஒருவனிடம் பேச, சமைத்த உணவையே மொழியாக்கிக்கொள்வது நம்மிடமும் உண்டு. வேறுபாடு ஒன்றுதான். கோதையின் வேட்கையை ஊர் கோயில் கட்டிக் கும்பிட்டது. தீத்தாவின் வேட்கையைத் தாய் மரக்கரண்டியால் அடித்தாள். இந்தக் கரண்டியை நான் உருவகமாகச் சொல்லவில்லை. தான் பால் கொடுத்து வளர்த்த அக்காள் மகன் வேறூரில் இறந்த செய்தி வந்ததும், நீதான் கொன்றாய் என்று தீத்தா கத்துகிறாள். தாய் கரண்டியால் ஓங்கி அடித்ததில் அவள் மூக்கு உடைகிறது.

எங்கள் வீட்டிலும் ஓர் அத்தை இருந்தார். ஐந்து பேரில் கடைசி. அவருக்குத் திருமணம் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. வந்த வரன்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரணத்தால் தள்ளிப்போயின. பிறகு அப்பத்தா படுக்கையில் விழுந்தார். “இவளும் போய்ட்டா அம்மாவை யாரு பாக்கது?” என்று ஒரு நாள் பெரியப்பா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. அடுக்களைக்குள் அம்மிச் சத்தம் மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி கேட்டது. அத்தையின் கைப்பக்குவத்தை ஊரே புகழும். தீத்தாவின் கதையைப் படித்த பிறகு, அந்தப் புகழ்ச்சியெல்லாம் அவரை அடுப்படியிலேயே நிறுத்தி வைக்கப் போட்ட முளைக்குச்சியோ என்று தோன்றுகிறது. மெக்சிகோவில் மரபு என்று பெயர் வைத்துச் செய்ததை நாங்கள் பெயர் வைக்காமல் செய்தோம்.

நாவலின் மிகச் சிறந்த பகுதியாக நான் நினைப்பது ஜூன் அத்தியாயம். மற்றவற்றைப் போல அதிலும் ஒரு செய்முறை உண்டு, ஆனால் அது உணவுக்கானதில்லை; தீக்குச்சி செய்யும் முறை! வெடியுப்பு, கோந்து, பாஸ்பரஸ் என்று பொருட்கள் வரிசையாக வருகின்றன. அடி வாங்கிப் பேச்சிழந்த தீத்தாவை எல்லைக்கு அப்பால் தன் வீட்டில் வைத்துக் காக்கும் ஜான் பிரவுன் என்ற மருத்துவர், தீக்குச்சி செய்துகொண்டே தன் பாட்டி சொன்னதைச் சொல்கிறார். பாட்டி கிக்கப்பூ என்ற செவ்விந்தியக் குலத்தவள். நாம் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் ஒரு தீப்பெட்டியோடு பிறக்கிறோம். அதைத் தனியே பற்றவைக்க நம்மால் முடியாது. பிரியமானவரின் மூச்சும் ஓர் உணவோ இசையோ சொல்லோ தரும் பொறியும் வேண்டும். பற்றாமல் போனால் பெட்டி நமுத்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் பற்றினால் உயிர் தாங்காது என்பது அவளுடைய கருத்து. டிசம்பரில் வரும் முடிவு முழுவதும் இந்த ஜூன் மாதத்தில் விதைத்ததுதான்.

விருதுநகர் மாவட்டத்து வாசகருக்கு இந்த அத்தியாயம் வேறு மாதிரி சுடும். தீப்பெட்டி ஆபீஸ் என்ற சொல் தெரியாத பிள்ளை இங்கே இல்லை. குச்சி அடுக்கிவிட்டு வந்து, விரலில் மருந்து வாடையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். இன்றைய தீக்குச்சியின் தலையில் பாஸ்பரஸ் இருக்காது. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில்தான் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கும். நாவல் சொல்வது பழைய முறை. எஸ்கிவெலின் உவமையில் தீப்பெட்டி பிறக்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் பிறருடைய பெட்டிகளை நிரப்பிக்கொண்டே வளர்ந்தார்கள். நமுத்துப்போவதைப் பற்றி அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இனி குறைகள். பெத்ரோவை என்னால் கடைசிவரை மதிக்க முடியவில்லை. கூட்டிக்கொண்டு ஓடவும் துணிவில்லை, விலகிப் போகவும் மனமில்லை. ஒரு வீட்டில் இரு பெண்களின் வாழ்வைப் பாழாக்கியவன். இதை நாவல் அறிந்தே இருக்கிறது. தீத்தாவே சில இடங்களில் அவன் கோழைத்தனத்தை எண்ணிப் பொருமுகிறாள். ஆனாலும் மதிப்பெண் போடும் நேரத்தில் ஆசிரியர் அவனுக்கே முதலிடம் தருகிறார். எல்லாம் தெரிந்தும் தீத்தாவை மணக்கச் சம்மதித்து, முடிவை அவளிடமே விட்டுவிடும் ஜான் பிரவுன் வெறும் நல்லவராக ஓரத்தில் நிற்கிறார்.

ரொசாவ்ராவுக்கு நடந்தது இதைவிடப் பெரிய அநியாயம். தன்னைக் காதலிக்காதவனுக்குத் தாய் எடுத்த முடிவால் கட்டிவைக்கப்பட்டவள் அவள். ஆசிரியர் அவளுக்கு வாய்நாற்றத்தையும் வயிற்று வாயுவையும் கொடுத்து, சிரிப்புக்கிடமாகச் சாகடிக்கிறார். தன் மகள் எஸ்பெரான்சாவும் மணம் செய்யாமல் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பொறுமை நாவலுக்கு இல்லை. மாமா எலெனாவுக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடைக்கிறது. அவள் இறந்தபின் பூட்டிய பெட்டியிலிருந்து பழைய கடிதங்கள் கிடைக்கின்றன. கறுப்பின இரத்தம் கலந்தவன் என்பதால் அவளுக்கு மறுக்கப்பட்ட காதலன் ஒருவன் இருந்ததும், ஹெர்த்ரூதிஸ் அவனுடைய மகள் என்பதும் தெரிகிறது. தீத்தா முதல்முறையாகத் தாய்க்காக அழுகிறாள். நல்ல இடம் அது. வேலைக்காரி செஞ்சாவுக்கு நேரும் வன்கொடுமையையோ சில வரிகளில் தாண்டிவிடுகிறார். சமையலறையில் எசமானியின் மகளுக்கும் வேலைக்காரிக்கும் ஒரே அடுப்புதான் என்றாலும், துயரம் ஒரே அளவில் பரிமாறப்படவில்லை.

தமிழில் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. அந்தத் தலைப்பில் தொகுப்பு வந்தது 1988-இல், எஸ்கிவெலின் நாவலுக்கு ஓராண்டு முன்பு. இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வழியில்லை. இராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பம் ஒன்றின் இருண்ட சமையலறையைக் காட்டி, இதுதான் என் ஆட்சி என்று பெண்கள் நம்புவது ஏமாற்று என்கிறார் அம்பை. எஸ்கிவெலோ அந்த ஆட்சி உண்மையானது என்கிறார். அங்கிருந்து வீட்டையே எரிக்க முடியும் என்கிறார். சமையற்காரனை நாயகனாக்கிய தி. ஜானகிராமனின் ‘நளபாக’த்தையும் மூன்றாவதாக வைக்கலாம். ஆண் கரண்டி பிடித்தால் அது கலையும் உபாசனையும் ஆகிறது என்பதையும் மாணவர்கள் கவனிக்கட்டும். என்னைக் கேட்டால், அறிவு அம்பை பக்கம்தான் நிற்கிறது. ஆனால் அத்தையை நினைத்தால் எஸ்கிவெல் பக்கம் சாய்கிறேன். அவருடைய அறுபது ஆண்டுச் சமையலில் ஒரு சொல்கூட இருந்ததில்லை என்று என்னால் ஒப்ப முடியவில்லை. அதைப் படிக்கத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் நாங்கள்.

முடிவில் மரபை முறிப்பது தீத்தாவின் திருமணம் இல்லை, எஸ்பெரான்சாவின் திருமணம். அன்றிரவு தீத்தாவும் பெத்ரோவும் நெருப்பில் மறைகிறார்கள், பண்ணை எரிகிறது, தீத்தாவின் சமையல் குறிப்பேடு மட்டும் சாம்பலுக்கடியில் மிஞ்சுகிறது. இத்தனை நேரம் கதை சொன்னவள் எஸ்பெரான்சாவின் மகள் என்பது அங்கே தெளிவாகிறது.

எஸ்கிவெலே திரைக்கதை எழுத, அப்போது அவர் கணவராக இருந்த அல்ஃபோன்சோ அராவு இயக்கிய திரைப்படம் 1992-இல் வந்தது. லண்டன் ராயல் பாலே 2022-இல் இதை நடனமாக்கியது. 2024-இல் தொலைக்காட்சித் தொடரும் வந்தது. படம் அழகுதான். ஆனால் மணத்தையும் சுவையையும் பற்றிய கதையைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில் ஒரு இழப்பு இருக்கிறது. ஆங்கிலம் ஓரளவு வாசிக்கும் மாணவர்கள் முதலில் நூலையே எடுக்கலாம். கடினமான மொழி இல்லை. தயக்கமாக இருந்தால் ஜூன் அத்தியாயத்தை மட்டும் படித்துப் பாருங்கள்.