பழைய வில்லையும் உரும்பிராய் விறாந்தையும்

உரும்பிராயில் நண்பரொருவர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அவருடைய மகன், தன் அப்பப்பாவின் துருத்திக் கமராவில் எடுத்த ஒரு சுருளின் பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களையும் மேசையில் பரப்பினார். போருக்கு முந்திய கமரா என்றால் இங்கு எந்தப் போர் என்று கேட்பார்கள். நான் சொல்வது இரண்டாம் உலகப் போர். வில்லை டெசார். "பழைய வில்லையிலதான் அங்கிள் உயிர் இருக்கு" என்றார்.

உருவப்படம் மாட்டாத வீட்டில் வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, படத்தைப் பார்த்ததும் அது உண்டான விதத்தைக் கேட்கத் தோன்றும்.

1902இல் வந்த டெசாரில் நான்கு கண்ணாடிகள். இரண்டு ஒட்டியிருப்பதால் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் நூற்றுக்கு நான்கு பங்களவு ஒளியைத் திருப்பிவிடும். சைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா 1935இல் கண்ட பூச்சுக்கு முந்திய வில்லைகளில், அப்படி அலைந்த ஒளி படத்தின் இருட்டுக்குள் விழுந்து கறுப்பைச் சாம்பலாக்கும். குறைதான். ஆனால் வெள்ளையடித்த மதிலும் விறாந்தை இருட்டும் ஒரே சட்டத்துள் வரும் யாழ்ப்பாணத்து வெயிலில் அந்தக் குறை கைகொடுக்கிறது. விறாந்தையில் அமர்ந்திருக்கும் அப்பம்மாவின் படம் அதற்குச் சாட்சி. வெள்ளைச் சேலை வெளிறவில்லை. நிழல் விழுந்த கன்னத்தின் சுருக்கங்களும் தொலையவில்லை. தொகுப்பில் மிகச் சிறந்தது அதுவே.

மற்றவற்றில் எட்டு, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் விட்டுப்போன வீடுகள். கூரையில்லாச் சுவர்களை எதிர்வெயிலில், வில்லையை முழுக்கத் திறந்து எடுத்திருக்கிறார். ஓரங்கள் கரைந்து, பால்போல ஒரு மூட்டம். பார்க்க இனிமையாக இருக்கிறது. என் வழக்கே அதுதான். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டவர்களின் சோனகதெரு வீடுகளை ஒருவர் இப்படிக் கனவுபோல எடுத்தால் நான் பொறுப்பேனா?

"அது வில்லையின்ர குணம்" என்றார் தம்பி. ஒப்ப முடியவில்லை. ஜூலியா மார்கரெட் கமரூன் முதலில் வைத்திருந்தது ஜாமின் என்ற பிரெஞ்சு வில்லை. 1866இல் அதைவிடத் திருத்தமான டால்மயர் வில்லைக்கு மாறினார். மென்மை போகவில்லை. தன் கண்ணுக்கு அழகான இடத்தில் நிறுத்திக்கொள்வேன் என்று அவரே எழுதியிருக்கிறார். 1875இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள உழைப்பாளிகளையும் படமெடுத்து, 1879இல் இங்கேயே இறந்தார். அவருடைய மங்கல் அவர் எடுத்த முடிவு. கண்ணாடியின் தலையில் அதைக் கட்ட முடியாது.

இன்னொன்று. பூட்டியின் கல்யாணப் படத்தைக் காட்டி, பொட்டு இவ்வளவு கறுப்பாக விழுந்ததும் பழைய வில்லையால்தான் என்றார். இல்லை, அந்தக் காலத்துத் தகடுகள் பல சிவப்பை உணராதவை. குங்குமம் கறுக்கும், மாநிறம் இன்னும் கருகும். வில்லைக்குக் கிடைக்கும் புகழில் பாதி இப்படித் தகட்டுக்கும் மருந்துக்கும் சேரவேண்டியது.

அதே வீடுகளை, வெயில் முதுகில் படும் காலையில், துளையைச் சுருக்கி எடுத்துப் பாரும் என்றேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் எட்டு மணிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூடத்தின் நடுவே வேம்பொன்று சுவருக்கு மேலே வளர்ந்திருந்தது. கமராவை ஒரு கல்லின்மேல் வைத்து, துளையைப் பதினொன்றுக்குத் திருப்பினார். ஒன்றுதான் எடுத்தார். படம் இன்னும் என் கைக்கு வரவில்லை.