உள்ள மாற்றமும் கதை ஆவலும்

அடுத்து என்ன நிகழுமோ என்னும் ஆவலை எழுப்பாத கதை, எத்துணை உயர்ந்த கருத்தைக் கூறினும் பாதியிலேயே மூடி வைக்கப்படும். இவ்வாவலை எழுப்பக் கொலையும் விபத்தும் காணாமற்போன கடிதமும் வேண்டும் என்று எண்ணுவோர் பலர். சிறுகதைப் போட்டிகளுக்கு எழுதும் இளைஞர்கள், கதை தளர்கிறது என்று தோன்றியவுடன் கதாநாயகனைச் சாலை விபத்தில் சிக்கவைப்பது இதனாற்போலும். உண்மையில், ஓர் உள்ளம் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் பெயரும் சிறுபொழுது, புறநிகழ்ச்சிகளினும் மிகுந்த ஆவலைத் தர வல்லது.

முடிவு தெரிந்த பழங்கதையிலும் இது கைகூடும். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாப விமோசனம்’ கதையில், இராமனால் சாபம் நீங்கிய அகலிகை, சீதையின் தீக்குளிப்பைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள். இராமாயணம் அறிந்தவருக்குச் செய்தி புதிதன்று. அதைக் கேட்கும் அகலிகையின் உள்ளம் என்னாகும் என்பதே புதிது. அவள் மீண்டும் கல்லாகிறாள்.

அதே தீக்குளிப்பைத் தலைப்பாகக் கொண்டது ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் வாதத்தைக் கிளப்பிய சிறுகதை அது. மழையில் பேருந்துக்குக் காத்து நின்ற கல்லூரி மாணவி, முன்பின் அறியாத இளைஞனின் காரில் ஏறுகிறாள், அவனால் கெடுக்கப்படுகிறாள், வீடு திரும்பித் தாயிடம் சொல்லி அழுகிறாள். புறநிகழ்ச்சி எனத்தக்கது இத்துடன் முடிந்துவிடுகிறது. துப்பறியும் கதையாயின், அவ்விளைஞன் பிடிபடுவானா என்பதே வினாவாக இருந்திருக்கும். இங்கோ வினா வேறு: இந்தத் தாய் என்ன செய்வாள்?

அவள் கைம்பெண், ஆசாரத்தில் ஊறியவள். முதலில் மகளை அடிக்கிறாள், அலறுகிறாள். அலறல் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்து வினவவே, மகள் மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்று கூறிச் சமாளிக்கிறாள். கதையின் திருப்பம் இப்பொய்யிலேதான் இருக்கிறது. ஒரு கணத்துக்கு முன் மகளைத் தண்டித்தவள், மறுகணம் மகளைக் காப்பவளாகிறாள். தன்னுள் நேர்ந்த இம்மாற்றத்தை அவளே இன்னும் அறிந்திலள், படிப்பவர் அறிந்துவிடுகின்றனர். அடங்கிய சினம் மீண்டும் சீறுமா, இரக்கம் வெல்லுமா என்னும் தவிப்பு, அவள் மகளை அழைத்துச் சென்று தலையில் நீரூற்றும்வரை நீடிக்கிறது. அந்த நீரையே நெருப்பாகக் கொண்டு மகளைத் தூயவள் என்கிறாள்.

இம்மனமாற்றம் திடீரென வந்தது என்று குறை கூறுவார் உளர். அப்பொய்யைக் கூர்ந்து நோக்காதார் கூற்று அது. எனினும் வேறொரு குறையை மறைத்தலாகாது. நீரூற்றும் காட்சியில் தாயைவிட ஆசிரியரே மிகுதியாகப் பேசுகிறார். செயல் விளக்கிவிட்டதைச் சொல் மீண்டும் விளக்க முற்படும்போது, அதுவரை ஏறிவந்த ஆவல் சற்றே தணிந்துவிடுகிறது.

அத்தாயின் உள்ளம் மறுபக்கம் சாய்ந்திருப்பின் என்னாகியிருக்கும்? இவ்வினாவை எழுப்பியவரும் ஜெயகாந்தனே. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் அதற்கு விடையாக அமைந்தது. மழையும் காரும் இளைஞனும் மாறவில்லை. தாயின் ஒரு கணம் மட்டுமே மாறியது. அவள் தன்னை அடக்கிக்கொள்ளாமல் கதறிவிட, செய்தி வெளிப்பட்டு, அண்ணன் கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஒரு மாலைப்பொழுதில் முடிந்த சிறுகதை, ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுதும் நீளும் நாவலாகிறது. அந்நாவலுக்குள்ளேயே ‘அக்கினிப் பிரவேசம்’ ஒரு பத்திரிகைக் கதையாக இடம்பெறுகிறது. அதைப் படிக்கும் கங்கா, தன் தாய் செய்யத் தவறியதைச் செய்யும் ஒரு தாயை அதில் காண்கிறாள்.