500 டாலரில் முதல் ராணுவ பிஸ்டல்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால் கண்ணாடிப் பெட்டி முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு பிஸ்டல்கள்தான். லேசானவை, நம்பகமானவை. ஆனால் பெயரை மறைத்துவிட்டால் எது எந்தக் கம்பெனி என்று கடைக்காரரே ஒரு நொடி யோசிப்பார். அதே கடையின் மூலையில் முழு இரும்பும் மரப்பிடியுமாக ஒரு 1911 இருக்கும். இரண்டு உலகப் போர்களைப் பார்த்த வடிவம். முதல்முறை வாங்க வருகிறவர்கள் அதன்முன் நின்றுவிடுவதில் வியப்பில்லை.

நின்ற பிறகு எழுகிற கேள்வி விலை. அமெரிக்க ராணுவத்தின் பழைய 1911 கையிருப்பை 2018இல் குலுக்கல் முறையில் விற்கத் தொடங்கிய சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம், முதல் சுற்றிலேயே தரத்துக்கு ஏற்ப 850 முதல் 1,050 டாலர் வரை வாங்கியது. பிறகு விலை ஏறியது. கையில் 500 டாலர்தான் என்றால்? அந்த வரம்புக்குள்ளோ அதை ஒட்டியோ நான்கு வகைகள் இருக்கின்றன: புதிதாகச் செய்த 1911 நகல், ஹை-பவர் நகல், டோகரேவ் வகை, மகரோவ் வகை. டெக்சஸின் வாடகை ரேஞ்சுகளிலும் நண்பர்களின் சேகரிப்பிலும் நான்கையும் சுட்டு, கழற்றி, பூட்டிப் பார்த்ததில் தேறிய முடிவுகள் இவை.

முதலில் தோட்டா, பிறகு பிஸ்டல்

பழைய புல்லட் பைக் வாங்கப் போகிறவரிடம் மெக்கானிக் முதலில் ஸ்பேர் கிடைக்குமா என்றுதான் கேட்பார். இங்கே அந்தக் கேள்வி தோட்டாவைப் பற்றியது. சாதாரணப் பயிற்சித் தோட்டா 9 எம்எம் என்றால் ஒன்று சுமார் 25 முதல் 30 சென்ட். பாயின்ட் 45 என்றால் 45 முதல் 50 சென்ட். மாதம் நூறு தோட்டா சுடுகிறவருக்கு 9 எம்எம்மில் ஆண்டுக்கு 300 முதல் 360 டாலர் ஆகும்; பாயின்ட் 45இல் 540 முதல் 600. கடைக்காரரிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்த ஐம்பது டாலர் சில மாதங்களிலேயே கரைந்துவிடும்.

டோகரேவின் 7.62x25, மகரோவின் 9x18 தோட்டாக்கள் எல்லாக் கடைகளிலும் இருக்காது. ஒரு காலத்தில் கிழக்கு ஐரோப்பாவின் கையிருப்பு அடிமாட்டு விலைக்கு வந்தது. அது தீர்ந்துபோனது. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்தியதும் 9x18 சுடுகிறவர்களுக்கு இன்னும் இறுக்கமாகிவிட்டது.

1911ஏ1: கனமும் கம்பீரமும்

ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்த பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றது. அதற்கு முன் நடந்த சோதனையில் 6,000 தோட்டா சுட்டும் அது ஒருமுறைகூடச் சிக்கவில்லை. 1920களில் சில திருத்தங்கள் செய்யப்பட்டு ‘ஏ1’ ஆனது. 1985இல் பெரெட்டா எம்9 வரும்வரை ராணுவத்தின் பிரதான பிஸ்டல் இதுதான். தையல் மெஷினுக்குப் பேர்போன சிங்கர் கம்பெனி 1941இல் ஐந்நூறு பிஸ்டல் மட்டும் செய்தது. அவற்றின் இன்றைய விலை நம் பட்ஜெட்டுக்கு அருகில்கூட வராது.

நமக்கு எட்டுவது இரண்டு. துருக்கியின் டிசாஸ் செய்யும் ‘யுஎஸ் ஆர்மி’ மாடல் ஒன்று, பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கோர் செய்யும் ராக் ஐலண்ட் ‘ஜிஐ’ மாடல் மற்றொன்று. இரண்டும் 400 முதல் 500 டாலருக்குள் கிடைக்கின்றன.

கையில் எடுத்ததும் தெரிவது கனம். காலியாகவே சுமார் 1.1 கிலோ. அந்தக் கனம்தான் பாயின்ட் 45இன் உதையைத் தாங்குகிறது. இந்தத் தோட்டாவின் அழுத்தம் 9 எம்எம்மைவிடக் கணிசமாகக் குறைவு. அதனால் உதை பெரிதென்றாலும் சுள்ளென்று அடிக்காமல் மெதுவாகத் தள்ளுகிறது. ட்ரிக்கர் வளைந்து சுழலாமல் நேராகப் பின்னால் போகிறது. நூறாண்டு தாண்டியும் பந்தயத்தில் சுடுகிறவர்கள் இதை விடாமல் பிடித்திருப்பதற்கு அந்த ட்ரிக்கர்தான் காரணம்.

சைட்தான் சோதனை. ராணுவ வடிவத்துக்கு விசுவாசமாக இருக்கும் நகல்களில் முன்முள் ஒரு துணுக்கு, பின்பள்ளம் ஒரு கீறல். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு மங்கலான ரேஞ்சில் அது தெரியவே தெரியாது. சதைப்பற்றான கை என்றால் பின்னால் வரும் ஹேமர் கட்டைவிரல் இடுக்கைக் கடிக்கும்.

கழற்றுவதிலும் கவனம் வேண்டும். பேரல் முனையில் உள்ள புஷிங்கைத் திருப்பும்போது அதன் கீழிருக்கும் ஸ்பிரிங் மூடி விரல் தப்பினால் கண்ணை நோக்கிப் பாயும். கண்ணாடி போட்டுக்கொண்டே கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது ஸ்லைடு ஸ்டாப்பைத் தப்பான கோணத்தில் நுழைத்தால் பளபளப்பான ஃபிரேமில் அரைவட்டமாக ஒரு கீறல் விழும். ‘இடியட் ஸ்க்ராட்ச்’ என்று அமெரிக்கர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

பாகங்கள் கிடைப்பதில் 1911க்கு நிகர் எதுவும் இல்லை. மேகசின், ஸ்பிரிங், பிடித்தகடு எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஏழு தோட்டாதான் கொள்ளும் என்பது போருக்குப் போகாத நமக்குக் குறையே அல்ல.

ஹை-பவர்: பிரவுனிங்கின் கடைசி வேலை

இந்த வடிவத்தை முடிக்கும் முன்பே பிரவுனிங் 1926இல் பெல்ஜியத்தின் எஃப்என் தொழிற்சாலையில் இறந்துபோனார். அங்கிருந்த டியூடோனே செய்வ் அதை முடித்துக் கொடுத்தார். 1935இல் வெளிவந்தபோது 13 தோட்டா கொள்ளும் ராணுவ பிஸ்டல் என்பது பெரிய அதிசயம்.

இரண்டாம் உலகப் போரில் இரு தரப்புமே இதைப் பயன்படுத்தின. பெல்ஜியத்தைப் பிடித்த ஜெர்மானியர் அதே தொழிற்சாலையில் தங்களுக்காகச் செய்துகொண்டார்கள். நேச நாடுகளுக்காக டொரன்டோவின் ஜான் இங்கிலிஸ் கம்பெனி செய்தது. அந்தக் கனடா வடிவம்தான் பிறகு இந்தியாவுக்கு வந்தது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் ‘பிஸ்டல் ஆட்டோ 9எம்எம் 1ஏ’ என்ற பெயரில் உருவானது. இந்திய ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் பல பத்தாண்டுகளாக இருப்பது இதுதான்.

இன்றைய எஃப்என் ஹை பவர் ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் எஸ்ஏ-35 நம் பட்ஜெட்டுக்கு மேலே. 500 டாலரை ஒட்டி வருவது துருக்கியின் கிர்சான் எம்சி பி35. 15 தோட்டா மேகசின், நன்றாகத் தெரியும் சைட், கட்டைவிரலுக்கு எட்டும் அளவுக்குப் பெரிய சேஃப்டி. பழைய ராணுவ ஹை-பவரில் சேஃப்டி ஒரு சிறு குமிழ்தான். அதைத் தட்டப் பழகவே தனிப் பயிற்சி வேண்டும்.

கையில் உட்காரும் விதத்தில் இதை மிஞ்ச இந்தப் பட்டியலில் ஆள் இல்லை. இரட்டை வரிசைத் தோட்டா உள்ளே இருந்தும் பிடி தடிமனாகத் தெரியாது. 9 எம்எம்மின் உதையை இரும்பு உடம்பு விழுங்கிவிடுகிறது. அடுத்த தோட்டாவுக்குக் குறி தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது. கழற்றுவதும் எளிது: ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து சேஃப்டியால் பூட்டி, ஸ்லைடு ஸ்டாப்பை வெளியே தள்ளினால் போதும். பாய்ந்து வர எதுவும் இல்லை.

குறை ட்ரிக்கரில். மேகசின் இல்லாதபோது ட்ரிக்கர் வேலை செய்யக் கூடாது என்று அசல் வடிவத்தில் ஒரு தடுப்பு வைத்தார்கள். அது மேகசின்மீது உரசுவதால் இழுவை கொரகொரவென்று இருக்கும். 1911இன் ட்ரிக்கரைத் தொட்ட விரலுக்கு இது நன்றாகவே தெரியும். ஹேமர் கடிக்கும் பழக்கம் இதன் பழைய மாடல்களுக்கும் உண்டு.

டோகரேவ்: சத்தம் அதிகம், சேஃப்டி குறைவு

ஃபியோதர் டோகரேவ் 1930களின் தொடக்கத்தில் சோவியத் படைக்குச் செய்தது டிடி-33. யூகோஸ்லாவியாவின் ஜாஸ்தவா அதைச் சற்று நீட்டி, ஒன்பது தோட்டா கொள்ளும் எம்57 ஆக்கியது. சீனத் துப்பாக்கிகளுக்கு 1994 முதல் இறக்குமதித் தடை இருப்பதால் அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து சரக்கையே பார்க்கலாம்.

தட்டையான, ஒல்லியான பிஸ்டல். தோட்டா சிறியது, வேகமோ நொடிக்கு 400 மீட்டருக்கு மேல். சுட்டால் முன்னால் நெருப்புப் பூ விரியும். உள்ளரங்க ரேஞ்சில் பக்கத்து ஆட்கள் எட்டிப்பார்ப்பார்கள். உதை அந்தச் சத்தத்துக்கு ஏற்ற அளவு இல்லை. ஹேமர் பகுதி மொத்தமும் ஒரே துண்டாக வெளியே வந்துவிடும் அமைப்பு இன்றைக்கும் அழகான பொறியியல்.

சிக்கல் என்னவென்றால், அசல் டோகரேவில் கையால் போடும் சேஃப்டியே கிடையாது. ஹேமரைப் பாதியில் நிறுத்தி வைக்கும் பள்ளம் மட்டும்தான். அமெரிக்க இறக்குமதி விதிக்காக வியாபாரிகள் பிறகு ஒரு சேஃப்டியைப் பொருத்துகிறார்கள். ஒட்டவைத்த பொருள் என்பது பார்த்தாலே தெரியும். பழைய ராணுவத் தோட்டா சுட்டால் இன்னொரு வேலையும் சேரும். அதன் பிரைமரிலுள்ள உப்பு பேரலை அரித்துவிடும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். ரசித்துச் சுட நல்ல பிஸ்டல். முதல் பிஸ்டலாக வேண்டாம்.

மகரோவும் சிஇசட் 82உம்: சிறியது, உறுதியானது

1951இல் சோவியத் ராணுவம் ஏற்ற மகரோவ், எட்டு தோட்டா, 730 கிராம். பேரல் ஃபிரேமோடு அசையாமல் நிற்பதால் குறி நன்றாக விழுகிறது. பாகங்கள் குறைவு, கெட்டுப்போக அதிகம் இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் 82 அதே தோட்டாவில் 12 கொள்ளும். சேஃப்டி இருபுறமும் இருப்பதால் இடதுகைக்காரர்களுக்கு இந்தப் பட்டியலில் இதுதான் வசதி. மேல்பூச்சு பெயின்ட் என்பதால் பெரும்பாலானவை உரிந்துதான் வரும். உள்ளே பார்த்தால் பேரல் பளிச்சென்று இருக்கும்.

ஹேமரை ஏற்றாமலே ட்ரிக்கரை இழுத்துச் சுடலாம் என்பது இரண்டுக்கும் பலம். அந்த முதல் இழுவை மட்டும் நீளமாகவும் கனமாகவும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: 9x18உம் வழக்கமான 9 எம்எம்மும் ஒன்றல்ல. குண்டின் விட்டமே வேறு. மாற்றிப் போட்டால் ஆபத்து.

ஜெர்மனியின் வால்தர் பி1 இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வரும். போர்க்கால பி38இன் அலுமினிய உடம்பு வாரிசு, 9 எம்எம். நல்ல பொருள்தான், ஆனால் விலை 500ஐத் தாண்டிப் போய்விட்டது.

பழையது வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

காலியாக இருக்கிறதா என்று மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே மற்றது. பேரலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். வரிகள் கூர்மையாக இருக்க வேண்டும், குழி குழியாக அரிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். கடைக்காரரின் அனுமதியோடு ஹேமரை ஏற்றி, ட்ரிக்கரைத் தொடாமல் கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளுங்கள். நழுவி விழுந்தால் உள்பாகம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

500 டாலர் என்பது பிஸ்டலுக்கு மட்டும். விற்பனை வரி, காதுக் கவசம், கண்ணாடி, இரண்டு கூடுதல் மேகசின், பூட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 150 டாலராவது ஆகும். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டுப் பெட்டியை முதலில் வாங்குங்கள், பிஸ்டலைப் பிறகு.

சட்டம்

உரிமம் பெற்ற கடையில் பிஸ்டல் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பில் தேற வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில் மேகசின் பத்து தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது.

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். ஆனால் எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், வழக்கறிஞரைக் கேட்காமல் ரேஞ்சுக்குக்கூடப் போக வேண்டாம். குடியேற்ற வாழ்க்கையே பாழாகும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது வெறும் வாசிப்புதான்: 9 எம்எம்மும் பாயின்ட் 45உம் அங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகங்கள்.

தீர்ப்பு

முதல் பிஸ்டல் நிறையச் சுடப்பட வேண்டும். அலமாரியில் தூங்கும் அபூர்வப் பொருள் யாருக்கும் சுடக் கற்றுக்கொடுக்காது. தோட்டா விலை, சைட், கழற்றும் எளிமை, பிடி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் என் தேர்வு ஹை-பவர் நகல். 1911தான் வேண்டும் என்று மனம் ஒட்டிக்கொண்டவர்கள் துருக்கி, பிலிப்பைன்ஸ் நகல்களைத் தயங்காமல் வாங்கலாம். தோட்டாச் செலவு பயமுறுத்தினால் அதே 1911 உடம்பு 9 எம்எம்மிலும் வருகிறது. சிஇசட் 82 சிறிய கைகளுக்கும் இடதுகைக்கும் ஏற்றது, தோட்டாவை முன்கூட்டியே வாங்கி வைக்கிறவர்களுக்கு மட்டும். டோகரேவ் இரண்டாவது பிஸ்டலாக வரட்டும்.

வாங்கும் முன் வாடகை ரேஞ்சில் ஹை-பவரையும் 1911ஐயும் ஒரே நாளில், ஒரே தூரத்தில் சுட்டுப் பாருங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.