இஸ்னாத் இல்லாத ஆய்வேடுகள்

இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வுக்கு வழிவகுத்தோருள் முதன்மையானவர் பேராசிரியர் ம. மு. உவைஸ். முதுகலைப் பட்டத்திற்கென அவர் எழுதிய ஆய்வேடு 1953-இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. மூலநூல்களைத் தேடிப் படித்து எழுதியவர் அவர். பின்வந்தோர் பலர் அவரைப் படித்தே எழுதிவிடுகின்றனர் என்பதுதான் இன்றைய குறை.

கடத்தூரில் என்னிடம் வரும் முன்வரைவுகளில் 'சீறாப்புராணத்தில் அரபுச் சொற்கள்' என்பது அடிக்கடி காணும் தலைப்பு. தலைப்பு உண்டு, வினா இல்லை. 5,027 பாடல்களினின்று சொற்களைத் திரட்டுவது தரவு மட்டுமே, பகுப்பாய்வு அன்று. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து ஆகிய காண்டங்களுள் எதில் அவை செறிகின்றன, தமிழ்ச்சொல் இருந்தும் உமறுப் புலவர் அரபுச் சொல்லை எங்கே, ஏன் தேர்ந்தார் என வினவும்போதே ஆய்வு தொடங்குகிறது.

பிறர் மதிப்பீட்டுக்கு உட்படுவதென்றால் நம் மாணவர் மனம் சுருங்குகின்றனர். ஹதீஸ் கலை வளர்ந்ததோ அதனால்தான். இமாம் புகாரீ (ரஹ்) தொகுத்த அறிவிப்புகளிலேயே சிலவற்றை இமாம் தாரகுத்னீ (மறைவு 995) இஸ்னாத் நோக்கில் ஆய்ந்து குறை சுட்டினார். நூற்றாண்டுகள் கழித்து இப்னு ஹஜர் (மறைவு 1449) அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விடை எழுதினார். எவர் கண்ணியமும் குறையவில்லை. நூலின் நம்பகமே உறுதிப்பட்டது.

முனைவர் பட்டத்திற்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு 2022-இல் நீக்கியது. கட்டாயம் நீங்கியதால் சோதனையும் நீங்கிவிடலாகாது. 'இதை யாரிடமிருந்து பெற்றாய்?' என்று வரிதோறும் கேட்பதே வழிகாட்டியின் முதற்கடமை. அவ்வினா தம்மை நோக்கி எழும்போதும் அவர் விடை கூறக் கடமைப்பட்டவரே.