பாவை பேசிற்று, பேசியவன் எங்கே?

பொம்மையிடம் வாதிட்டுத் தோற்றார் ஒரு போதகர்! ஊர் கூடிப் பார்த்தது, கைகொட்டிச் சிரித்தது. வாதம் ஓய்ந்து, வாயடைத்து, இனித் தாமும் வேடிக்கை பார்ப்போருள் ஒருவராய் அமர்ந்துகொள்வதாக அவரே ஒப்புக்கொண்டார்.

இடம், இலண்டன் மாநகரின் ஸ்மித்ஃபீல்டு சந்தைத் திடல். பருவம், கோடை. காட்டியவர், ஆங்கில நாடக ஆசிரியர் பென் ஜான்சன். 'பார்த்தலோமியு சந்தை' என்னும் அந்நாடகம் 1614ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள், தேம்சு ஆற்றின் தென்கரையில் இருந்த ஹோப் கொட்டகையில் அரங்கேறிற்று.

போதகரின் பெயர் பிஸி. பியூரிட்டன் என்று வழங்கப்பட்ட தூய்மைவாதக் கூட்டத்தின் பெரும்புள்ளி. முன்னாளில் அப்பம் சுட்டு விற்றவர். தாம் சுட்ட பணியாரம் திருமண வீட்டுக்கும் ஆட்டபாட்டத்துக்கும் போய்ச் சேர்கிறதே என்று மனம் வெதும்பித் தொழிலை விட்டவர். தொழிலை விட்டார், தீர்க்கதரிசியானார்! உழைப்பைத் துறந்தவனுக்கு அருள்வாக்கு கைவருவது எந்த நாட்டில்தான் இல்லை? கருவுற்ற பெண்ணொருத்தி சந்தையில் வறுக்கும் பன்றிக்கறிக்கு ஆசைப்படுகிறாள். சந்தையோ பாவக்கூடாரம். என் செய்வது? போதகர் சற்றே சிந்திக்கிறார், மறைநூலைப் புரட்டுகிறார், அடக்கத்தோடு தின்றால் தின்னலாம் என்று வழி கண்டுபிடிக்கிறார். பிறகு தாமே உடன்சென்று, இரண்டரைப் பன்றியை ஒற்றையாளாய் உள்ளே தள்ளுகிறார். ஏப்பம் விட்டு எழுந்ததும் பக்தி பொங்குகிறது: இஞ்சிப் பணியாரம் விற்கும் ஏழைக் கிழவியின் கூடையைச் சிலை என்று சொல்லிக் கவிழ்க்கிறார்!

இத்தகைய பேர்வழிதான் இறுதியில் பாவைக்கூத்துக் கொட்டகைக்குள் பாய்கிறார். கூத்து பாவம், பொம்மை விக்கிரகம் என்று முழங்குகிறார். பொம்மை எதிர்வாதம் புரிகிறது. இது பாவம் என்கிறார் போதகர். பாவம் அன்று என்கிறது பொம்மை. மாறிமாறி இதே பேச்சு. இறுதியாகத் தம் படைக்கலங்களிலேயே கூரியதை வீசுகிறார்: ஆண் பெண்ணின் ஆடையை அணிகிறான், அது வேதத்துக்கு விரோதம் என்று. அந்நாளில் ஆங்கில நாடகமேடையில் பெண் வேடத்தைச் சிறுவர்களே புனைந்தனர் என்பதால், நாடகத்தின்மீது பழிசுமத்த விரும்பியோர் எல்லாரும் எடுத்த வாள் அது. பொம்மை மறுமொழி பேசுவதோடு நிற்கவில்லை. தன் அங்கியைத் தூக்கிக் காட்டுகிறது. உள்ளே ஆணுமில்லை, பெண்ணுமில்லை! வேதாந்தம் விறகாயிற்று.

பகுத்தறிவுத் தோழர்கள் படித்து மகிழவேண்டிய காட்சி, ஐயமில்லை. ஆனால் மகிழ்ந்து முடித்ததும் ஏட்டை மூட நமக்கு மனம் வரவில்லை. வாதில் வென்றது யார் என்ற கேள்வி உள்ளே நின்று உறுத்துகிறது. பொம்மை என்பர் சிலர். ஜான்சனின் புலமை என்பர் பலர். மரத்துண்டுக்கு நாவேது? அங்கியைத் தூக்கிய கை யாருடையது?

அந்தக் கைக்கு உரியவன் பெயர் லாண்டர்ன் லெதர்ஹெட். பகலில் குழந்தைகளுக்குக் குதிரைப் பொம்மை விற்பவன். பிறகு பாவைக்கூத்து நடத்துபவன். பார்த்தலோமியு சந்தை, 1133ஆம் ஆண்டில் அரசன் முதலாம் ஹென்றி ஒரு துறவி மடத்துக்கு வழங்கிய உரிமையால் உண்டானது. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாளையொட்டிக் கூடி, 1855 வரை நடந்தது. துணி வாணிகத்துக்கென்று தொடங்கியதில் கூத்தும் குரங்காட்டமும் குடியும் வந்து சேர்ந்தன. (சந்தை வருவாயை நூற்றாண்டுக் கணக்கில் மடம் உண்டது. பாவம் பணமாய் வந்தால் மடத்துப் பெட்டிக்குள் மணக்கும் போலும்!) அந்தச் சந்தையில் நிற்க ஒரு சாண் இடம் வேண்டுமானாலும் தரைவாடகை கட்டவேண்டும். லெதர்ஹெட்டும் பணியாரக் கிழவியும் இந்த ஒரு சாணுக்காகச் சண்டையிடுவதையும் ஜான்சன் காட்டத் தவறவில்லை.

ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தை மெல்லப் படிக்கவேண்டும். கூத்து தொடங்கவில்லை, அதற்கு முன் நடக்கும் வேலைகளைப் பார்க்கிறோம். கொடியை வெளியே தொங்கவிடச் சொல்கிறான். பறையை முழக்கச் சொல்கிறான். கூத்து பிடிக்காவிட்டால் சந்தைச் சேறெல்லாம் அந்தக் கொடிமீதுதான் விழும் என்று அஞ்சுகிறான். வாயிற்காவலர் இருவரை அழைத்து, சீமான்கள் வந்தால் தலைக்கு இரண்டு பென்சு வாங்கு என்கிறான். முடிந்தால் மூன்றே வாங்கிவிடுகிறோம் என்கிறான் ஒருவன். தான் நடத்திய கூத்துக்களை நினைத்துப் பார்க்கிறான்: எருசலேம், நினிவே, சோதோம், எல்லாவற்றினும் காசு கொட்டியது, 1605ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதிபற்றிய கூத்து. அதை ஒரே பிற்பகலில் ஒன்பது முறை நடத்தியிருக்கிறானாம்!

ஒன்பது முறை! இந்த எண்ணைக் கண்டு சிரித்துவிட்டுப் போகிறவர்கள் போகட்டும். அவன் நாடகத்தில் பாவைகளுக்கெல்லாம் வாய் அவன் ஒருவனே. காதலனாகப் பேசுகிறான், காதலியாகக் கொஞ்சுகிறான், ஓடக்காரனாகத் திட்டுகிறான், பேயாக அலறுகிறான். இடையிடையே, இப்போது அது என்ன சொல்லிற்று என்று குறுக்கே கேட்கும் காசுக்காரப் பேதை கோக்சு என்பவனுக்கு விளக்கமும் உரைக்கிறான். பொம்மையைக் கொண்டு தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறான், கூட்டம் சிரிக்கவேண்டுமே என்று. கோடை வெயிலில், துணி மூடிய கொட்டகைக்குள், ஒரே தொண்டை இத்தனை வேலையும் செய்து, முடித்து, மறுபடி கொடி, மறுபடி பறை, மறுபடி முதல் வரி. இது ஒன்பது முறை என்றால், அந்தத் தொண்டையைப் பற்றி நினைக்க வேண்டாமா?

அவன் உத்தமன் என்று நாம் வழக்காட வரவில்லை. கோக்சிடம் கடைச்சரக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு, சரக்கைக் கொடாமல் கம்பி நீட்டியவன்தான். அதனாலேயே கூத்து வேளையில் தன்னை லெதர்ஹெட் என்று அழைக்கவேண்டாம், லாண்டர்ன் என்றே அழை என்று வேண்டிக்கொள்கிறான். லாண்டர்ன் என்றால் விளக்கு. மறைந்து நிற்பவனுக்கு விளக்கென்று பெயர்!

அந்தக் கூத்தை எழுதியவன் யார்? லிட்டில்விட் என்ற வழக்குமன்றப் பணியாளன். பழைய கிரேக்கக் காதற்கதையைத் தேம்சுக் கரைக்கு இறக்கி, காதலனைச் சாயக்காரன் மகனாக்கி எழுதியிருக்கிறான். அவன் கொட்டகைக்கு வருகிறான். ஆசிரியரிடம் காசு வாங்கக்கூடாது என்று வாயிற்காவலர் வழிவிடுகின்றனர். உள்ளே வந்தவன் என்ன செய்கிறான் தெரியுமா? கூத்து எப்படிப் போகிறது என்று பார்க்கும்வரை, தான்தான் ஆசிரியன் என்று யாரும் அறியவேண்டாம் என்று காதோடு சொல்கிறான். வெற்றியானால் வெளிப்படுவான்; தோல்வியானால் திரும்பிப் பார்க்காமல் போவான். சேறு படுவது கொடியைத் தூக்கியவன்மீது! எழுதுகிறவர்களாகிய நம்மையும் சேர்த்துத்தான் இந்தச் சாட்டை சுழல்கிறது. ஜான்சனின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இந்த ஓர் இடம் போதும்.

கண் கூர்மைதான்; கால்தான் நமக்குப் பிடிக்கவில்லை. நாடகம் தொடங்குமுன் ஒரு முன்னுரைக் காட்சி வருகிறது. மேடையைப் பெருக்கும் பணியாள் ஒருவன் அவையின்முன் வந்து நிற்கிறான். ஆசிரியருக்குச் சந்தையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்கிறான். நெடுங்காலம் மேடையில் உழன்ற அனுபவத்தால் தான் சில யோசனை சொல்லப்போக, ஆசிரியர் தன்னை ஒப்பனை அறையில் மூன்று நான்கு முறை உதைத்தார் என்கிறான். உடனே ஏடு பிடித்து வரி எடுத்துக்கொடுப்பவர் வந்து, மேடை பெருக்குவதும் உள்ளே இருக்கும் கரடிகளுக்கு உடைந்த ஆப்பிள்களைப் பொறுக்குவதும்தானே உன் வேலை என்று விரட்டுகிறார். கரடிகள் என்பது கற்பனையன்று. ஹோப் கொட்டகையில் சில நாள் நாடகம், சில நாள் கரடியைக் கட்டி நாய்களை ஏவும் விளையாட்டு. அடுத்தாற்போல் பத்திர எழுத்தர் ஒருவர் ஆசிரியருக்கும் அவையோருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் படிக்கிறார்: ஆறு பென்சு கொடுத்தவன் ஆறு பென்சு அளவே குறைகூறலாம், அரைக்கிரவுன் கொடுத்தவன் அந்த அளவுக்குக் கூறலாம். காசு கொடாது வேலைமட்டும் செய்பவனுக்குக் குறைகூறும் உரிமை எவ்வளவு? அதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. உதைதான் விடை.

அவையோர் சிரிப்பதற்காக எழுதிய வேடிக்கை இது என்பதை நாம் அறியாதவரல்லர். ஆனால் எழுதியவர் யார்? கொத்தனாரின் வளர்ப்பு மகன். தாமே கரண்டி பிடித்துச் செங்கல் அடுக்கியவர். சுவர் எழுப்பும் கையின் அருமை அவர் அறிந்தது. அறிந்தவர் உதைப்பதுதான் நமக்கு வலிக்கிறது.

அதே முன்னுரையில் மேடைப் பணியாள் அஞ்சி அஞ்சிப் பேசுகிறான். திரைக்குப் பின்னால் ஆசிரியரோ அவருடைய ஆள் புரூமோ நின்று கேட்கக்கூடும் என்று. அந்த ரிச்சர்டு புரூம் மெய்யாகவே ஜான்சன் வீட்டுப் பணியாள். திரைக்குப் பின்னால் நின்றவன் திரையைத் தாண்டி வந்தான், நாடகம் எழுதினான். 1629ஆம் ஆண்டில் ஜான்சனின் 'புதிய விடுதி' மேடையிலேயே வீழ்ந்தது. புரூமின் 'வடநாட்டு மங்கை' வெற்றி பெற்றது. மனம் புண்பட்ட ஆசிரியர் எழுதிய பாட்டின் ஒரு படியில், பழைய வேலையாளின் பெயர் துடைப்பத்தை ஒத்தொலிப்பதைப் பிடித்துக்கொண்டு, அவன் படைப்பைக் குப்பைக்கூளம் என்று எள்ளினார். பெருக்குபவன் பெருக்கிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதா? 1632இல் அதே நாடகம் அச்சேறியபோது ஜான்சனே அதற்கு வாழ்த்துப்பா வழங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வாழ்த்திலும், ஒருகாலத்தில் நீ என் வேலையாள் என்பதை நினைவூட்டாமல் விட அவருக்கு மனம் இடங்கொடுக்கவில்லை.

இன்னொருவர் இனிகோ ஜோன்சு. அரண்மனைக் கூத்துக்களுக்கு மேகம் இறங்கவும் மலை பிளக்கவும் பொறியமைத்த கலைஞர். 1605 முதல் ஜான்சனின் சொல்லுக்கு உருவம் தந்தவர். லெதர்ஹெட் என்னும் பாத்திரமே இவரைக் கேலிசெய்யப் படைத்ததோ என்று ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவர். ஐயம் இருக்கட்டும், பகை மெய். 1631இல் அச்சான கூத்தொன்றின் முகப்பில் ஜான்சன் தம் பெயரை முன்னும் ஜோன்சின் பெயரைப் பின்னும் பொறித்தார், ஜோன்சு சினந்தார், அரண்மனை வாய்ப்பு ஜான்சனுக்கு அடைபட்டது. தச்சுவேலையும் வண்ணப்பூச்சும் கூத்தின் உயிராகிவிட்டனவா என்று கவிஞர் சீறிப் பாடினார். உயிர் எது, உடல் எது என்று இருவரும் அடித்துக்கொண்டனர். கயிறு இழுத்துப் பொறியை ஓட்டியவர்களை இருவருமே நினைக்கவில்லை.

கொட்டகை முதலாளியையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். பிலிப் ஹென்சுலோ என்பவர், கூட்டாளி ஒருவரோடு ஹோப் கொட்டகையைக் கட்டியவர். 'பார்த்தலோமியு சந்தை'யை அரங்கேற்றிய நடிகர் குழு, அடுத்த ஆண்டே, 1615இல், அவர்மீது குறைகளை அடுக்கி எழுதிவைத்தது. கடன் தீர்ந்துவிட்டால் இவர்கள் என் பிடிக்குள் நிற்கமாட்டார்கள் என்று முதலாளியே கூறியதாக அதில் குற்றம் சாட்டினர். போதகர் பிஸி கூடையைக் கவிழ்த்தார். முதலாளி கூடையோடு ஆளையும் கட்டிவைத்தார். முன்னவரை நகைக்க நாடகம் இருந்தது. பின்னவரைப் பற்றி எழுத நடிகர்களுக்கு ஒரு தாள்தான் கிடைத்தது.

போதகரை நகைத்ததிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அரங்கேறிய மறுநாளே, நவம்பர் 1ஆம் நாள், நாடகம் ஜேம்சு மன்னன் முன் நடந்தது; எல்லை மீறினோமா என்பதை மன்னரே தீர்மானிக்கட்டும் என்று முடிவுரை பணிந்தது. பியூரிட்டன் கூட்டம் அன்று ஆட்சியில் இல்லை. திருச்சபைக்குத் தலைவன் மன்னன். இரண்டரைப் பன்றி தின்ற போதகர் மேடையேறினார். பண்ணைபண்ணையாய் விழுங்கிய பேராயர் எவரும் ஏறவில்லை! 1642இல் பியூரிட்டன்கள் கை ஓங்கிற்று, கொட்டகைகள் மூடப்பட்டன. முடியாட்சி மீண்டபின், 1661ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், சாமுவேல் பெப்பீசு இந்நாடகத்தைப் பாவைக்கூத்தோடு பார்த்தார். மன்னனும் அங்கே இருந்தான். இதே பெப்பீசு 1668இல் மறுபடி பார்த்துவிட்டு, பியூரிட்டன்களை ஏசுவது புளித்துப்போயிற்று என்று நாட்குறிப்பில் எழுதினார். அரியணை சாய்ந்திருந்து சிரிக்கும்போது நையாண்டி புளிக்காமல் என் செய்யும்?

இவ்வளவு சொன்னபிறகும் நாம் இந்நாடகத்தைப் படிக்கத்தான் சொல்கிறோம். திரையைத் தூக்கி, கொடி கட்டுபவனையும் பறை அடிப்பவனையும் காசு வாங்குபவனையும் காட்டியவர், உதைத்தவரானாலும், ஜான்சன்தான். காட்டாமலே விட்ட பெருங்கவிகள் எத்தனை பேர்! நாடகமேடையில் வளர்ந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். தலைவர் வேடம் புனைந்தவரை அறிவோம், உரையாடல் எழுதியவரை அறிவோம். விளக்குப் பிடித்தவர் பெயர் நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இறுதிக் காட்சியில், சந்தைக் குற்றங்களைப் பிடிக்க மாறுவேடத்தில் அலைந்த நீதிபதி ஓவர்டூ எழுந்து எல்லாரையும் அதட்டுகிறார். பாவைக்கூத்துக்காரனுக்கும் ஒரு வசை விழுகிறது. பிறகு நீதிபதியின் சொந்த வீட்டு மானமே சந்தியில் நிற்பது தெரியவர, அவர் தணிந்து, அனைவரையும் தம் வீட்டுக்கு விருந்துண்ண அழைக்கிறார். புறப்படும்போது கோக்சு சொல்கிறான்: நடிகர்களையும் கொண்டுவாருங்கள், மிச்சக் கூத்தை வீட்டில் பார்ப்போம் என்று. நடிகர்கள் என்று அவன் சொல்வது கூடைக்குள் கிடக்கும் பொம்மைகளை. கூடையைத் தூக்கி வருபவன் உண்பானா என்று யாரும் கேட்கவில்லை. அன்றைய பத்தாவது கூத்துக்கு அவன் நடந்துகொண்டிருப்பான்.